மரத்துப்போன வாயிடம் கேட்ட கேள்வி

நோயில்லாத ஒரு பல்லுக்கு ரூட் கெனால் செய்து, அதற்குப் பணமும் வாங்கியிருக்கிறேன். நரம்பு நன்றாகத்தான் இருந்தது. வலிக்குக் காரணம், அந்தப் பல்லின் மேல் நான் ஒட்டிய கேப். அதன் ஒரு சரிவு மேல்பல்லோடு இடித்துக்கொண்டிருந்தது. அந்த இடத்தைக் கொஞ்சம் தேய்த்துவிட்டிருந்தால் ஒரு டீ குடிக்கிற நேரத்தில் தீர்ந்திருக்கும். நான் தேய்க்கவில்லை. பல்லைக் குடைந்தேன். பிறகு சக டாக்டர்களோடு பேசும்போது இதையே "ஒரு கேஸ் வந்துச்சு" என்று, வேறு யாரோ கெடுத்ததை நான் கண்டுபிடித்த தோரணையில் சொல்லியும் இருக்கிறேன். கெடுத்தவனும் நான்தான், கண்டுபிடிக்கத் தாமதித்தவனும் நான்தான்.

கேப் போடுவதில் ஒட்டுகிற வேலை எளிது. ஒட்டிய பிறகு மேல்வரிசையும் கீழ்வரிசையும் முன்பு சந்தித்தபடியே சந்திக்கின்றனவா என்று பார்ப்பதுதான் கஷ்டம். எங்கள் பேச்சில் இதற்கு 'பைட் செக்' என்று பெயர். நோயாளிகள் கார்பன் பேப்பர் என்று சொல்லும் நீலத் தாளைப் பற்களுக்கு நடுவே வைத்து, "கடிங்க, டக் டக்குனு தட்டுங்க" என்போம். தொடுகிற இடங்களில் நீலப் புள்ளி விழும். மற்ற பற்களில் லேசாகவும் கேப்பில் மட்டும் அழுத்தமாகவும் விழுந்தால் அது ஹை பாயிண்ட். அதைத் தேய்த்து, மறுபடி தாள் வைத்து, மறுபடி தேய்த்து, பக்கத்துப் பற்களும் கேப்பும் ஒரே நேரத்தில் தொடும்வரை இது நடக்க வேண்டும்.

பல், தாடை எலும்போடு நேராக ஒட்டியிருப்பதில்லை. நடுவே கால் மில்லிமீட்டர்கூட இல்லாத ஒரு சவ்வு இருக்கிறது. பல் அதில்தான் தொங்குகிறது. அந்தச் சவ்வுக்குள் இருக்கும் நரம்பு முனைகள் இரண்டு பற்களுக்கு நடுவே 20 மைக்ரான் தடிமனில் ஏதாவது சிக்கினால்கூடச் சொல்லிவிடும். தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும். சோற்றில் பொடிக் கல் கிடந்தால் நாக்குக்கு முன்னால் பல் கண்டுபிடிப்பது இதனால்தான். அந்த நாள்களில் நான் பயன்படுத்திய நீலத் தாளின் தடிமன் 200 மைக்ரான். இருப்பதிலேயே மலிவானது அதுதான், கண்ணுக்குப் பளிச்சென்று தெரிகிற புள்ளிகளும் அதில்தான் விழும். நோயாளியின் பல்லுக்கு என் தாளைவிடப் பத்து மடங்கு நுட்பம் இருந்தது. நான் நம்பியது தாளை.

என் கிளினிக் போர்ட் பிளேரில், டெலானிபூரில் இருக்கிறது. சமுத்ரிகா அருங்காட்சியகமும் டீல் ஹவுஸும் இருக்கிற பகுதி என்றால் அந்தமானுக்குச் சுற்றுலா வந்துபோனவர்களுக்குப் புரியும். போர்ட் பிளேருக்கு 2024 செப்டம்பரில் ஸ்ரீ விஜய புரம் என்று பெயர் வைத்தார்கள். கப்பலில் வருகிறவர்கள் இன்னும் 'பிளேர்' என்றுதான் சொல்கிறார்கள். என் நோயாளிகளில் தமிழர், வங்காளிகள், தெலுங்கர், மலையாளிகள், ராஞ்சிக்காரர்கள் எல்லோரும் உண்டு. எல்லோருக்கும் பொதுவானது தீவு இந்தி. வேலை முடிந்ததும் "டீக் ஹை?" என்பேன். "டீக் ஹை, டாக்டர் சாப்" என்பார்கள். தமிழர் என்றால், "சரியா இருக்கா?", "சரிங்க டாக்டர்." வாயைத் திறந்துகொண்டு நெடுநேரம் படுத்திருந்தவர், கப்பலோ பஸ்ஸோ பிடிக்க வேண்டியவர், டாக்டரை மறுத்துப் பேசிப் பழகாதவர் வேறென்ன சொல்வார்? அந்தச் 'சரி'யை வாங்கிக்கொண்டு கையுறையைக் கழற்றுவேன். பல வருஷம் என் பைட் செக் இவ்வளவுதான்.

இனி அந்த அம்மாவைப் பற்றி. அவருடைய ஊர் கச்சால். நிக்கோபார் தீவுகளில் ஒன்று. 1964-இல் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தத்தால் இலங்கை மலையகத் தோட்டங்களிலிருந்து ஏராளமான தமிழ்க் குடும்பங்கள் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டன. அவற்றில் சிலவற்றை எழுபதுகளில் கச்சாலில் ரப்பர் தோட்ட வேலைக்குக் கொண்டுவந்து குடியேற்றினார்கள். இந்த அம்மா அப்படிச் சிறுமியாக வந்து இறங்கியவர். கொழுந்து பறித்த குடும்பம் பால்மரம் கீறப் பழகியது. 2004 சுனாமியையும் அங்கேயே பார்த்தவர். மகளை டெலானிபூரில் கட்டிக்கொடுத்திருந்தார். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல்லில் ஒரு மூலை பிளந்துபோய், மகள் வீட்டுக்கு வந்த சமயத்தில் என்னிடம் வந்தார். கொட்டைப் பாக்கைக் கடித்ததில் உடைந்திருந்தது. நரம்புவரை உடைப்பு போகவில்லை. பல்லைச் சுற்றிலும் செதுக்கி ஒரு கேப் போட்டுவிட்டால் போதும்.

வாயைத் திறந்ததும் எனக்கு ஒரு பிரசங்கம் தோன்றியது. வெற்றிலைக் கறை, சுண்ணாம்புக் காறை, கன்னத்தின் உட்புறத்தில் தடித்த தோல். புகையிலை மட்டும் போடுவதில்லை என்று சத்தியம் செய்தார். நான் நம்பவில்லை. புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கே புற்றுநோயைத் தரும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004-இல் வெளியிட்ட அறிக்கையை மேற்கோள் காட்டினேன். கேட்டுக்கொண்டார். சொன்னது உண்மைதான், சொல்லவேண்டியதும்தான். ஆனால் அந்தப் பிரசங்கத்தோடு வெற்றிலையைப் பற்றி நான் யோசிக்க வேண்டியதெல்லாம் முடிந்துவிட்டதாக எண்ணிக்கொண்டேன். ஐம்பது வருஷம் பாக்கு மென்ற வாயில் கடைவாய்ப்பற்களின் முகடுகள் தேய்ந்து சமதளமாகியிருந்தன. அந்தத் தாடை மேலும் கீழுமாக மட்டும் வேலை செய்கிற தாடை இல்லை. பக்கவாட்டில் அரைத்து அரைத்தே ஆகிவந்தது. அதைக் கண்ணால் பார்த்தேன், கார்டில் 'தேய்மானம்' என்று எழுதியும் வைத்தேன். அதற்கும் போடப்போகிற கேப்புக்கும் உள்ள உறவை யோசிக்கவில்லை.

அளவு எடுத்துச் சென்னை லேபுக்கு அனுப்பினேன். சிர்கோனியா என்னும் கடினமான பீங்கானில் கேப் செய்வதென்றால் நான் அங்கேதான் அனுப்புவேன். இடையில் ஆயிரத்து முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். விமானத்தில் கூரியர் போய்த் திரும்பும். லேப்காரர் பார்ப்பது நோயாளியை இல்லை. நான் அனுப்பிய அச்சில் வார்த்த மேல்தாடை, கீழ்தாடை மாதிரிகளைத்தான். அவற்றை ஆர்ட்டிகுலேட்டர் என்னும் கருவியில் பொருத்தித்தான் கேப்பை வடிவமைப்பார். நல்ல ஆர்ட்டிகுலேட்டர் தாடை பக்கவாட்டில் நகர்வதையும் காட்டும். அதற்கு நோயாளியின் தாடை மூட்டுக்கும் பற்களுக்கும் உள்ள தூரத்தை அளந்து நான் அனுப்ப வேண்டும். ஒற்றை கேப்புக்கு அந்த அளவையெல்லாம் யார் எடுக்கிறார்கள்? நானும் எடுக்கவில்லை. அளவு இல்லாவிட்டால் கதவுக்கீல் மாதிரித் திறந்து மூடுகிற எளிய கருவி, அல்லது கணினியில் சராசரித் தாடை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அமெரிக்கப் பல் மருத்துவர் வில்லியம் பான்வில், இரு தாடை மூட்டுகளுக்கும் கீழ்முன்பற்களுக்கும் நடுவே பக்கத்துக்கு நாலு அங்குலமாக ஒரு சமபக்க முக்கோணம் இருப்பதாகக் கணக்கிட்டு ஆர்ட்டிகுலேட்டர் செய்தார். அன்று தொடங்கிய சராசரித் தாடை இன்னும் உயிரோடு இருக்கிறது. லேபிலிருந்து வந்த கேப் அழகு. பாடப்புத்தகத்தில் வரைந்திருக்கிற கடைவாய்ப்பல்லின் முகடும் பள்ளமும் சரிவும் அப்படியே இருந்தன. பதினெட்டு வயதுப் பல். அதை நான் தேய்ந்த பற்களுக்கு நடுவே வைத்தேன்.

ஒட்டிய நாளில் அவருக்கு மாலைக் கப்பல். ஃபீனிக்ஸ் பேயில் மகள் வரிசையில் நின்று வாங்கிய டிக்கெட். நிக்கோபார் கப்பலில் இடம் கிடைப்பது எவ்வளவு பாடு என்பது இங்கே இருப்பவர்களுக்குத் தெரியும். தவறவிட்டால் அடுத்தது எப்போது என்று கடலும் கப்பல் துறையும் சேர்ந்துதான் முடிவு செய்ய வேண்டும். தற்காலிகக் கேப்பைக் கழற்றினால் உயிருள்ள பல் கூசும் என்று, தாடையின் பின்புறம் ஊசி போட்டேன். இரண்டு சதவீத லிக்னோகைன், அட்ரினலினோடு. உதடும் நாக்கும் மணிக்கணக்கில் மரத்துக் கிடக்கும். கேப்பை வைத்தேன், நீலத் தாளை வைத்தேன், தட்டச் சொன்னேன். இரண்டு இடத்தில் தேய்த்தேன். தட்டும்போது புள்ளிகள் நன்றாகவே விழுந்தன. பக்கவாட்டில் நகர்த்தச் சொல்லவில்லை. நாற்காலியை நிமிர்த்தவும் இல்லை. மல்லாந்து படுத்திருந்தால் கீழ்தாடை கொஞ்சம் பின்னால் சரியும், அப்போது கடிக்கிற கடி வேறு, உட்கார்ந்து சாப்பிடும்போது கடிக்கிற கடி வேறு. இதெல்லாம் கல்லூரியில் பரீட்சைக்குப் படித்து எழுதியதுதான்.

"சரியா இருக்காம்மா?"

கன்னத்தைத் தொட்டுப் பார்த்தார். "என்னத்தைத் தெரியுது தம்பி? பாதி மூஞ்சியே இல்லாத மாதிரி இருக்கு."

நான் சிரித்தேன். "பேப்பர்ல நல்லா விழுதும்மா, ஒண்ணும் பயமில்லை" என்று சிமெண்டைக் கலக்கச் சொன்னேன். தனக்கு எதுவும் தெரியவில்லை என்று ஒரு நோயாளி இதைவிட வெளிப்படையாகச் சொல்ல முடியாது. பல்லைச் சுற்றியிருந்த நரம்பையெல்லாம் தூங்கவைத்துவிட்டு, அந்தப் பல்லிடமே 'எப்படி இருக்கிறாய்' என்று கேட்டிருக்கிறேன்.

தற்காலிக சிமெண்டில் ஒட்டி, ஓர் இரவு மகள் வீட்டில் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு வரச் சொல்லியிருக்கலாம். கப்பல் இருந்தது என்பது நான் எனக்குச் சொல்லிக்கொண்ட சாக்கு. கப்பல் இல்லாத நோயாளிகளுக்கும் நான் அப்படிச் செய்ததில்லை.

கச்சாலிலிருந்து மகள் வழியாகப் போன் வந்தது. வலது பக்கம் வலிக்கிறதாம். "புதுசு இல்லையா, ரெண்டு நாள்ல பழகிடும்." மறுபடி போன். "அந்தப் பக்கம் மெல்ல வேணாம்னு சொல்லுங்க." இந்தப் 'பழகிடும்' முழுப் பொய்யும் இல்லை, அதனால்தான் எங்கள் தொழிலில் இவ்வளவு காலம் ஓடுகிறது. மிகச் சிறிய உயரம் என்றால் சில சமயம் பல் சவ்வுக்குள் கொஞ்சம் அமிழ்ந்து இடம் தேடிக்கொள்ளும். பழைய கலவை ஃபில்லிங்குகள் தாமே தேய்ந்தும் கொடுத்தன. சிர்கோனியா தேயாது. அதன் வலிமையைச் சொல்லித்தான் கூடுதல் விலைக்கு விற்றேன். அது தேயாதென்றால் விட்டுக்கொடுக்க வேண்டியது எதிர்ப்பல், சவ்வு, தாடைத் தசை. எது பழக வேண்டும் என்று நான் யோசிக்கவே இல்லை.

அடுத்து ஒரு கப்பலில் வந்து சேர்ந்தார். முகம் வாடியிருந்தது. அன்று அவர் சொன்ன ஒரு வாக்கியத்தைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

"நான் இடது பக்கந்தான் மெல்லுறேன் தம்பி. ஆனா குத்துறது வலது பக்கம்."

நோய் என்ன என்பதை அவர் முழுசாகச் சொல்லிவிட்டார். எனக்கு அது வயதானவர்களின் குழப்பமாகத் தோன்றியது. இடது பக்கம் மென்றால் வலது பக்கம் எப்படி வலிக்கும்? மகளைப் பார்த்துப் புன்னகைத்தேன். அவரும் என்னைப் பார்த்துப் புன்னகைத்தார். நடுவில் அந்த அம்மா உட்கார்ந்திருந்தார். அந்தப் புன்னகையை நினைத்தால் ரூட் கெனாலைவிட அதுதான் எனக்குக் கூச்சமாக இருக்கிறது.

பல்லைக் கைப்பிடியால் தட்டிப் பார்த்தேன், வலித்தது. எக்ஸ்ரேயில் வேரைச் சுற்றியிருந்த சவ்வின் கோடு கொஞ்சம் அகன்று தெரிந்தது. ஓயாமல் இடிபடுகிற பல்லுக்கு இரண்டும் பொருந்தும். கேப்பின் ஓரத்தில் குளிர் வைத்துப் பார்த்தேன். கூசியது, எடுத்தவுடன் நின்றது. உயிரோடிருக்கிற நல்ல நரம்பு அப்படித்தான் பதில் சொல்லும். கெட்டுப்போன நரம்பு என்றால் குளிரை எடுத்த பிறகும் விடாது. கேப் போட்ட பல்லில் குளிர்ச் சோதனையை நம்ப முடியாது என்று எனக்கு நானே வாதாடினேன். கார்டில் 'மீளாத நரம்பழற்சி' என்று எழுதினேன்.

ஏன் அப்படி எழுதினேன் என்பதை இத்தனை காலம் கழித்துப் பார்க்கும்போது நன்றாகவே தெரிகிறது. உயரம் என்று எழுதினால் தவறு என்னுடையது, வேலையும் இலவசம். நரம்பு என்று எழுதினால் தவறு பல்லுடையது, வேலைக்குக் கட்டணம் உண்டு. நான் உட்கார்ந்து இப்படிக் கணக்குப் போடவில்லை. கணக்குப் போட்டுச் செய்திருந்தால் அயோக்கியன் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். கை தானாக அந்தப் பக்கம் போனது. பளபளக்கிற அந்தக் கேப்பைத் தொட்டுத் தேய்க்க மனசு வரவில்லை என்பதும் சேர்ந்துகொண்டது. ரூட் கெனாலுக்காக அதே கேப்பில் ஓட்டை போட எப்படி மனசு வந்தது என்று கேட்டால் பதில் இல்லை. சிர்கோனியாவைத் துளைப்பது லேசான காரியமில்லை. வைர பர் சூடேறச் சூடேறத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு துளைக்க வேண்டும். அவ்வளவு பாடுபட்டு உள்ளே போனபோது ரத்தம் சிவப்பாக, ஆரோக்கியமாக வந்தது. அழுகல் வாடை இல்லை. பார்த்தேன். நிறுத்தவில்லை. அதற்குமேல் நிறுத்த என்ன இருந்தது?

நரம்பை எடுத்த பிறகும் வலி போகவில்லை. போகாது. குளிரையும் சூட்டையும் உணர்வது பல்லுக்குள் இருக்கிற நரம்பு. கடிக்கும்போது அழுத்தத்தை உணர்வது வெளியே இருக்கிற சவ்வு. நான் உள்ளே இருந்ததை எடுத்துவிட்டு வெளியே இருந்ததை இடிபட விட்டுவைத்திருந்தேன். "ஆறுறதுக்கு நாளாகும்மா" என்றேன்.

ஒருநாள் முறைக்காக வெளி பெஞ்சில் காத்திருந்தவர் வெற்றிலைப் பையை அவிழ்த்தார். கிளினிக்கில் போடக்கூடாது என்று சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் போட்டுவிட்டார். கதவருகே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வெற்றிலையை இடது கன்னத்தில் அடக்கிக்கொண்டு கீழ்தாடையை இடது பக்கம் இழுத்து அரைத்தார். ஒவ்வொரு அரைப்புக்கும் வலது கண் லேசாகச் சுருங்கியது. அப்போதுதான் எனக்குப் புரிந்தது. தாடை இடது பக்கம் போகும்போது வலது கீழ்க்கடைவாய் சும்மா இருப்பதில்லை, அதுவும் நாக்கை நோக்கி நகர்கிறது. அப்போது அதன் கன்னப்பக்க முகட்டின் உட்சரிவு மேல்பல்லின் உட்பக்க முகட்டைக் கடந்து போக வேண்டும். பற்கள் தேய்ந்து தட்டையாக இருந்தவரை அங்கே தடையில்லை. நான் வைத்த பதினெட்டு வயது முகடு வழிமறித்து நின்றது. மெல்லுகிற பக்கத்தில் உணவு நடுவில் இருந்து தாங்கும். மெல்லாத பக்கத்தில் சிர்கோனியாவும் பல்லும் நேருக்கு நேர் இடிக்கும். இடது பக்கம் மெல்லுகிறேன், வலது பக்கம் குத்துகிறது. சொன்னது சொன்னபடியே.

உள்ளே அழைத்து, நிமிர்ந்து உட்காரவைத்து, பற்களை நன்றாக உலர்த்தி, மெல்லிய தாளை வைத்து, "வெத்தல மெல்லுற மாதிரியே அரைங்கம்மா" என்றேன். இதுவரை விழுந்ததெல்லாம் புள்ளி. இப்போது கேப்பின் உட்சரிவில் நீளமாக ஒரு கோடு விழுந்திருந்தது. தேய்த்தேன், மறுபடி அரைக்கச் சொன்னேன், மறுபடி தேய்த்தேன். கோடு மறைந்த பிறகு ரப்பர் சக்கரத்தால் வழவழவென்று பாலிஷ் போட்டேன். சொரசொரப்பாக விட்ட சிர்கோனியா எதிர்ப்பல்லின் எனாமலை அரம் போட்டுவிடும். அவர் தாடையை அப்படியும் இப்படியும் ஓட்டிப் பார்த்தார். "இப்ப இல்ல தம்பி. விட்டுருச்சு."

அந்த நிமிஷத்தில் சொல்லியிருக்கலாம். அறையில் உதவியாளரைத் தவிர வேறு யாரும் இல்லை. நான் சொன்னது இது: "ரூட் கெனால் இப்பதாம்மா செட் ஆகியிருக்கு." என் தவறு தந்த வலியைத் தீர்த்த பெருமையையும் தேவையே இல்லாத அந்தச் சிகிச்சைக்கே எழுதிக்கொடுத்தேன். அவர் கையெடுத்துக் கும்பிட்டார்.

ஆஸ்திரேலியாவில் அடிலெய்டைச் சேர்ந்த ரேமண்ட் பெக் என்ற பல்சீரமைப்பு மருத்துவர், 1954-இல் அங்குள்ள பழங்குடி மக்களின் தேய்ந்த பல்வரிசையைப் பற்றி எழுதினார். கரடுமுரடான உணவை மென்று பற்கள் தேய்வதுதான் மனித வாயின் இயல்பு, மிருதுவான உணவில் முகடு கலையாமல் நிற்கும் நமது பற்கள்தான் விதிவிலக்கு என்று வாதிட்டார். அவருடைய கருத்துகள் எல்லாவற்றையும் இன்று யாரும் அப்படியே ஏற்பதில்லை. பட்டமேற்படிப்பு நண்பன் ஒருவன் சொல்லித்தான் நான் அதைப் படித்தேன், இது நடந்து வெகுநாள் கழித்து. படித்தபோது அந்த அம்மாவின் வாய்தான் கண்ணில் நின்றது. அதைக் கெட்டுப்போன வாயாகத்தான் நான் பார்த்திருந்தேன். கறையும் புண்ணும் கெட்டதுதான். ஆனால் அந்தக் கடி, மேலும் கீழும் ஒன்றுக்கொன்று இடம்விட்டுத் தேய்ந்து, பக்கத்துக்குப் பக்கம் தடையில்லாமல் ஓடுகிற கடி. அதில் இடைஞ்சலாக இருந்தது நான் புதிதாக வைத்தது ஒன்றுதான்.

2007-இல் கனடாவைச் சேர்ந்த ஜேசன் கேரி குழுவினர் வெளியிட்ட ஆய்வையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன். பெரிய புள்ளி என்றால் பெரிய அழுத்தம் என்று நாங்கள் நினைப்பது தவறு, தாளில் விழும் குறியின் பரப்பை வைத்து அங்கே விழும் விசையைச் சொல்ல முடியாது என்று அளந்து காட்டியிருந்தார்கள். அகலமாகப் பரவிய நீலம் வெறும் வழித்தல்தான் என்றும், நடுவில் மை விலகி வளையமாக நிற்கிற சின்னக் குறிதான் பெரும்பாலும் உண்மையான இடி என்றும் மூத்தவர்கள் கைப்பழக்கமாகச் சொல்வார்கள். நான் பெரிய புள்ளிகளைத் தேய்த்துச் சின்னதை விட்டுவைத்துக்கொண்டிருந்தவன். கடிக்கிற விசையையும் நேரத்தையும் கணினித் திரையில் காட்டுகிற டி-ஸ்கேன் 1980களிலேயே அமெரிக்காவில் வந்துவிட்டது. அது என்னிடம் இல்லாததால்தான் இப்படி ஆனது என்று கொஞ்சகாலம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்த அம்மாவின் கடியைக் கண்டுபிடிக்க டி-ஸ்கேன் தேவைப்படவில்லை. ஒரு வாய் வெற்றிலை போதுமாக இருந்தது.

இப்போது வேலை செய்கிற முறை மாறியிருக்கிறது. ஊசி போடும் முன்பே 8 மைக்ரான் உலோகத் தாளைப் பல் பல்லாக வைத்து இழுத்துப் பார்த்து, எந்தப் பற்கள் இறுக்கிப் பிடிக்கின்றன என்று எழுதிவைக்கிறேன். கேப் வைத்த பிறகும் அதே பற்கள் பிடிக்க வேண்டும். தட்டுவதற்கு நீலமும் பக்கவாட்டுக்குச் சிவப்பும் வைத்துக்கொள்கிறேன். 'சரியா இருக்கா' என்று கேட்பதில்லை, 'எந்தப் பல் முதல்ல இடிக்குது' என்று கேட்கிறேன். அதற்குச் 'சரிங்க டாக்டர்' என்று பதில் சொல்ல முடியாது. வெளித்தீவுக்காரர்கள் என்றால் தற்காலிகமாக ஒட்டி, ஓர் இரவு தங்கி, இரண்டு வேளை சாப்பிட்டுவிட்டு வரச் சொல்கிறேன். தங்க முடியாது என்று சிலர் கோபித்துக்கொண்டு போகிறார்கள். வேகமாக வேலை முடிக்கிற டாக்டர் என்ற பெயர் போய்விட்டது. இதையெல்லாம் நல்லவனாகிவிட்டேன் என்று காட்டச் சொல்லவில்லை. இவ்வளவும் அன்றைக்கும் எனக்குத் தெரிந்தவைதான். தெரியாமல் செய்தேன் என்று இதில் ஒன்றைக்கூடச் சொல்ல முடியாது.

பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். கொடுத்த விதத்தையும் சொல்லிவிடுகிறேன். மகளை வரச்சொல்லி, "கணக்குப் பார்த்ததுல உங்கம்மாகிட்ட தவறுதலா கூடுதலா வாங்கியிருக்கேன்" என்று கவரை நீட்டினேன். அவர் திகைத்துப் போனார். இந்தக் காலத்தில் இப்படி ஒரு டாக்டரா என்று தெருவெல்லாம் சொன்னார். அவர் சொல்லி அனுப்பியதாக இன்றும் ஆட்கள் வருகிறார்கள். நாணயமான டாக்டர் என்று என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். அவர்களிடமும் கட்டணம் வாங்கியிருக்கிறேன். திருப்பிக் கொடுத்த பணத்தைப்போலப் பல மடங்கு வந்துவிட்டது.

நரம்பில்லாத பல் உயிருள்ள பல்லைவிட எளிதில் உடையும், அதுவும் நடுவில் துளைத்த பல். கேப்பின் மேல் நான் போட்ட துவாரத்தை ஒரு ஃபில்லிங்தான் அடைத்துக்கொண்டிருக்கிறது. அந்த அம்மா பாக்கை விடவில்லை. என்றைக்காவது அந்த அடைப்பு விழும், அல்லது அடியில் பல் பிளக்கும். அன்றைக்கு அவர் கப்பலேறி என்னிடம்தான் வருவார், ஏனென்றால் நான் அவருக்கு நம்பிக்கையான டாக்டர். இங்கே பங்குனி உத்திரம் பெரிய திருவிழா. இந்த வருஷம் அதற்கு அம்மா வருகிறார், கப்பல் கிடைத்தால், என்று மகள் சொன்னார். பல்லையும் ஒரு தடவை காட்டிவிட்டுப் போகச் சொல்லியிருக்கிறேன். வலிக்கிறதா என்று நான் கேட்பதற்கு முன்பு, "அந்தப் பல்லோட நரம்பு நல்லாத்தான் இருந்துச்சும்மா, தப்பு நான் போட்ட கேப்புல" என்று சொல்ல வேண்டும். ஊசி எதுவும் போடாமல்.